செஸ்டர்ட்டனார் சரித்திரச் சுருக்கம்

ஒரு சமயத்தார் தம் கொள்கையை நிலைநாட்டப் புகுங்கால், முதலிற் பிறர் மதங்களை ஆராய்ந்து மறுத்தலும், பின்னர்த் தம் மதத்தை விரித்துரைத்தலும் நம் நாட்டுத் தருக்க நூலோர் வழக்கு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதியாகச் செய்தருளியது இவ்வழக்குப் பற்றியே. இதனைச் சிறிதும் அறியாத ஆங்கிலர் ஒருவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலண்டன் மாநகரத்துச் செய்தித்தாள்களில் எழுதிப் பிழைத்துக்கொண்டே, தம் கிறிஸ்தவ சமயத்திற்குப் பரபக்கமாக ஒரு நூலும் சுபக்கமாக ஒரு நூலும் இயற்றினார். அவர் கில்பர்ட் கீத் செஸ்டர்ட்டன் என்பவர். அவர் குருமார் கல்லூரியிற் பயின்றவரல்லர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவருமல்லர். ஆயினும் அக்காலத்து மேல்நாட்டு நாத்திகர், உலோகாயதர், ஐயவாதிகள் முதலியோரோடு முப்பதாண்டுக்கு மேல் ஓயாது வாதாடி, அவர்களுடைய நட்பையும் இழவாது வாழ்ந்தவர். அவர் வாதங்களுக்கெல்லாம் உயிர்நிலையாய் நின்ற கருத்து நம் சித்தாந்தத்துக்கு மிக அணித்தாயது. கீழ்நாட்டுச் சமயங்களைப் பற்றி அவர் கூறியனவோ நம் சித்தாந்தம் ஒன்று உண்டென்பதையே அறியாதவர் கூற்றுக்கள். இவ்விரண்டும் பற்றி அவர் சரித்திரம் நம் அறிஞர் ஆராய்தற்குரியதாகின்றது.

செஸ்டர்ட்டனார் 1874ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் இலண்டனைச் சார்ந்த கென்சிங்டனிற் பிறந்தார். தந்தையார் எட்வர்ட் செஸ்டர்ட்டன், வீடு நிலங்களை விற்றுக்கொடுத்தலும் வாடகைக்கு விடுதலுமாகிய தொழிலைப் பரம்பரையாகச் செய்துவந்த குடும்பத்தினர். அவர் உடல்நலங் குன்றித் தொழிலினின்று விலகியபின், வீட்டிலிருந்து ஓவியம் எழுதுதல், அட்டைப் பொம்மைகளை வெட்டிச் சிறு நாடகமேடை அமைத்தல் முதலிய கைவேலைகளிற் பொழுது போக்கினார். அம்மேடையில், பொற்றிறவுகோல் ஏந்திப் பாலங் கடந்து செல்லும் ஓர் அட்டை வீரனைக் கண்டதே தம் வாழ்வின் முதல் நினைவென்று செஸ்டர்ட்டனார் தம் முதுமையில் எழுதிவைத்தனர். குடும்பத்தார் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவரல்லர். குழந்தைக்கு இங்கிலாந்துத் திருச்சபை முறைப்படி ஞானஸ்நானம் செய்வித்ததன்றி, வீட்டிற் கோட்பாடு பற்றிய பேச்சு மிகுதியாக நிகழ்ந்ததில்லை.

செயின்ட் பால் பள்ளியிற் படித்த காலத்தில் ஆசிரியர்கள் அவரை மந்த புத்தியுடையவரென்றே எண்ணினர். ஆயினும் 1890இல் நண்பர் சிலரோடு கூடி ஒரு வாதசபை அமைத்து, அதற்கொரு பத்திரிகையும் நடத்தினார். 1892இல் அப்பள்ளியிற் கவிதைக்கென ஏற்பட்ட மில்ட்டன் பரிசு அவருக்குக் கிடைத்தது. அக்கவிதைக்குப் பொருளாயினார் பிரான்சிஸ் சவேரியார் என்பது நம்மவர் அறிந்து வியத்தற்குரியது. 1542 முதல் நம் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே மதம் பரப்பிய அப்பாதிரியாரைப் பாடிய சிறுவர், அப்பரதவர் வாழ்ந்த நாட்டின் சமயத்தைப் பற்றிப் பிற்காலத்தும் ஒன்றும் அறிந்தாரில்லை.

1893இல் அவர் ஓவியம் பயிலுதற்கு ஸ்லேட் கலைப்பள்ளியிற் சேர்ந்தார். அங்கே கழிந்த ஈராண்டுகளே அவர் வாழ்வின் இருண்ட பகுதி. அவருடைய பிற்கால வாதங்களுக்கெல்லாம் வித்து அவ்விருளிலேயே விழுந்தமையால் அதனைச் சிறிது விரித்துரைப்பாம். அக்காலத்து ஓவியர், பொருள்களை உள்ளவாறு எழுதாது கண்ணுக்குத் தோன்றுமாறு மட்டும் எழுதும் புதுமுறையைக் கைக்கொண்டிருந்தனர். தோற்றமே உளது, தோன்றும் பொருள் உண்டோ இல்லையோ என்னும் ஐயம் அம்முறையோடு கூடி இளைஞர் உள்ளத்திற் புகுந்தது. செஸ்டர்ட்டனார் அவ்வையத்தை எல்லைவரை தொடர்ந்து சென்றார். புறத்தே காணப்படும் உலகமனைத்தும் தம் அறிவின் கற்பனையோ, தாம் ஒருவரே உளரோ என்று மயங்கி நின்றார். புறப்பொருள் இல்லை, அறிவு ஒன்றே உண்டு என்னும் யோகசாரர் மதத்தைப் பரபக்கத்திற் பயின்றோர் இந்நிலையை எளிதில் உணர்வர். ஆனால் நாம் அதனை நூலிற் பயிலுகின்றோம். அவரோ அதனை நோயாக அனுபவித்தார். தீய எண்ணங்கள் அவர் உள்ளத்திற் பெருகின. கொடிய உருவங்களைத் தாளிற் கிறுக்கினார். தம்பியாரோடு சேர்ந்து ஆவிகளைக்கொண்டு எழுதுவிக்கும் பலகையிலும் கைவைத்தார்.

அந்நிலையினின்றும் அவரை மீட்டது எந்த நூலுமன்று, எந்தக் குருவுமன்று. எவ்வளவு இழிந்த வாழ்வாயினும், ஒன்றுமில்லாமையோடு ஒப்பிடின், உளதாதல் என்னும் அவ்வொன்றே பெருவியப்புக்கு உரியதென்று அவருக்குத் தோன்றிற்று. புல்லின் நுனியும் தெருவிளக்கும் தம் அறிவின் நிழலல்ல, தமக்கு வேறாய் உள்ளன, அவை தமக்குக் கொடுக்கப்பட்டன என்று உணர்ந்தார். கொடுக்கப்பட்டது என்ற உணர்ச்சி வந்தவுடன் நன்றியும் வந்தது. நன்றி வந்தபின், யாருக்கு நன்றி என்ற வினாவும் தானே எழுந்தது. நன்றி என்னும் அந்நூலிழையைப் பற்றிக்கொண்டே தாம் கரையேறியதாகப் பின்னாளில் அவர் கூறினர்.

ஈண்டு ஒரு வேறுபாட்டைக் குறித்தல் வேண்டும். கிறிஸ்தவ மதத்தில் உயிரும் உலகும் இறைவனால் இல்லாமையினின்றும் படைக்கப்பட்டன. ஆதலின் உளதாதலே அவர்க்கு முதற்கொடை. சித்தாந்தத்தில் உயிர் அநாதியாதலின், இல்லாதிருந்து உளதாயிற்று என்னும் பேச்சுக்கு இடமில்லை. ஆணவத்தால் ஒன்றும் அறியாது கிடந்த உயிருக்குத் தனு கரண புவன போகங்களை இறைவன் கூட்டியருளியதே நாம் நன்றி செலுத்தற்குரிய முதற்கொடை. இருதிறத்தாரும் நன்றி கூறுகின்றனர். எதற்காக என்பதில் வேறுபடுகின்றனர். செஸ்டர்ட்டனார் நம்மோடு உரையாடியிருப்பின், வாதம் இவ்விடத்திற்றான் தொடங்கியிருக்கும்.

1895இல் கலைப்பள்ளியை விட்டு நீங்கிப் புத்தகப் பதிப்பாளர் அலுவலகங்களிற் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். 1900இல் முதற்கவிதை நூல்கள் வெளிவந்தன. 1901இல் பிரான்சஸ் பிளாக் என்னும் அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார் திருச்சபை வழிபாட்டில் உறுதியான ஒழுக்கமுடையவர். கோட்பாட்டை வாயாற் பேசுவோர் பலரைக் கண்டிருந்த தமக்கு, அதனை நாடோறும் வாழ்விற் கைக்கொள்வாரை முதன்முதற் காட்டியவர் தம் மனைவியாரே என்று அவர் நன்றியோடு நினைவுகூர்வதுண்டு. அவர்களுக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை.

தென்னாப்பிரிக்கப் போயர் யுத்தத்தை நாடு முழுதும் கொண்டாடிய காலத்தில் அதனை எதிர்த்தெழுதியே அவர் பெயர் பெற்றார். டெய்லி நியூஸ் பத்திரிகையில் 1901 முதல் 1913 வரையும், இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் என்னும் வாரப்பத்திரிகையில் 1905 முதல் இறக்கும்வரையும் எழுதினார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும், அதற்கேற்ற பெருந்தடிப்பும், தோளிற் போர்வையும், கத்தி மறைத்த கைத்தடியுமாகப் பிளீட் தெருவில் அவர் நடந்துசெல்லுங் காட்சி இலண்டன் மக்களுக்கு ஒரு வேடிக்கை. மறதி மிக்கவர். ஒருமுறை சொற்பொழிவுக்குப் புறப்பட்டவர் வழியில் ஓர் ஊரில் இறங்கி, தாம் எங்கே இருக்கவேண்டுமென்று மனைவியாருக்குத் தந்தி கொடுத்துக் கேட்டனர் என்ப. இத்தகைய வேடிக்கைக் கதைகளிலேயே அவரை நிறுத்திவிடுதல் அவருக்குச் செய்யும் அநீதியாம்.

சமயவாதத்தில் அவரை முதலில் இறக்கியவர் இராபர்ட் பிளாச்போர்ட் என்பவர். அவர் கிளாரியன் என்னும் பொதுவுடைமைப் பத்திரிகையின் ஆசிரியர். 1903இல் கிறிஸ்தவ மதத்தை மறுத்து ஒரு நூல் வெளியிட்டவர். மனிதன் பிறப்பாலும் சூழ்நிலையாலும் ஆக்கப்படுபவன். ஆதலின் அவன் செய்த குற்றத்திற்கு அவனைப் பொறுப்பாக்குதலும் தண்டித்தலும் தகா என்பது அவர் கொள்கை. ஏழைகள்பாற் கொண்ட இரக்கத்தாலேயே அவர் அவ்வாறு கூறினர். பிளாச்போர்ட் பெருந்தன்மையுடையவராதலின், தம் பத்திரிகையிலேயே மறுப்பெழுதக் கிறிஸ்தவர்க்கு இடங்கொடுத்தார். செஸ்டர்ட்டனார் அவ்விடத்தைப் பயன்படுத்தி 1904இற் சில கட்டுரைகள் எழுதினர். அவர் விடையின் சாரம் இது: செயலில் உரிமையில்லையாயின், பழித்தல் மட்டுமன்று, புகழ்தலும் பொறுத்தலும் நன்றி கூறுதலும் ஒருங்கே பொருளற்றுப் போம். உணவு மேசையிற் கடுகை எடுத்துக் கொடுத்தவனுக்கும் நன்றி சொல்ல வழியில்லை. இரக்கத்தின் பொருட்டு எழுந்த கொள்கை, இரங்குதற்குரிய உயிரைக் கருவிப்பொருளாக்கி முடிக்கின்றது. ஆசீவகர் நியதிவாதத்தை ஆராய்ந்தோர்க்கு இவ்வாதம் புதிதன்று. வினைக்கொள்கையை ஊழ் ஒன்றே என மயங்கி, உயிரின் இச்சை ஞானக் கிரியைகளை மறந்து பேசுவோர் நம்முள்ளும் உளராதலின், அதனை இங்கு எடுத்துக்காட்டினாம்.

1905இல் அவருடைய பரபக்கம் வெளிவந்தது. அந்நூலின் பெயர் திரிபுக்கொள்கையினர் எனப் பொருள்படும். பெர்னார்ட் ஷா, வெல்ஸ், கிப்ளிங் முதலிய அக்காலப் புலவர் பெருமக்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு, அவர்கள் எழுத்துக்கு அடியிற் கிடக்கும் தத்துவம் யாது, அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அதில் ஆராய்ந்தார். ஒருவனுடைய உலகக் கொள்கையே அவனைப் பற்றி அறியவேண்டிய முதற் செய்தி என்பது அவர் துணிபு. அதற்கு மதிப்புரை எழுதிய ஜி. எஸ். ஸ்டிரீட் என்பார், பிறர் கொள்கையைக் குறைகூறும் இவர் தம் கொள்கையை முதலிற் கூறட்டும் என்னுங் கருத்துப்பட எழுதினர். அதற்கு விடையாக 1908இல் எழுந்ததே சுபக்கமாகிய நூல். ஆர்த்தொடாக்ஸி, அஃதாவது நேர்க்கொள்கை, என்பது அதன் பெயர். அப்போது அவருக்கு வயது முப்பத்துநான்கு. புதுத்தீவு ஒன்றைக் கண்டுபிடித்ததாகக் கொடிநாட்டிய மாலுமி, வழிதவறித் தன் தாய்நாட்டுக் கரையிலேயே இறங்கியிருந்ததை உணர்ந்தாற்போல, தாமே முயன்று அமைத்த மதம் ஈராயிரமாண்டாகத் தம் நாட்டுக் கோயில்களில் ஓதப்பட்டுவந்ததே என்று அறிந்த கதையை அந்நூலிற் கூறினார்.

அந்நூலின் ஒரு பகுதி நமக்கு மிக வேண்டற்பாலது. சென்னை அடையாற்றிலுள்ள பிரமஞான சபைக்கு 1907இல் தலைவராகி, 1933இல் இறக்கும்வரை அதனை நடத்திய அன்னி பெஸண்ட் அம்மையாருடைய கொள்கையை அங்கே அவர் எடுத்து மறுக்கின்றார். உயிர்களெல்லாம் உண்மையில் ஒரே ஆன்மாவென்பதும், பிறனை நேசித்தல் தன்னையே நேசித்தலாம் என்பதும் அவ்வம்மையார் உபதேசம். செஸ்டர்ட்டனார் அதனை ஏற்கவில்லை. பிறன் தானே என்பதற்காக அன்று, தான் அல்லன் என்பதற்காகவே அவனை நேசித்தல் கூடும். ஒருவனே உளனாயின் அன்பு செய்வானும் அன்பு செய்யப்படுவானும் இல்லை. இறைவனும் உயிரும் வேறாய் நின்றாலன்றிப் பத்திக்கு இடமில்லை என்று அவர் வாதித்தார். இளமையில் யோகசார இருளிற் கிடந்து, பிறிதொன்று உளது என்ற உணர்ச்சியாற் பிழைத்தவர்க்கு இவ்வாதம் ஏட்டுக்கல்வியாகாது. ஏகான்மவாதத்தை மறுத்த நம் மெய்கண்ட சந்தானத்தார்க்கும் இது உடன்பாடே.

ஆனால் அவர் அங்கு நிற்கவில்லை. கண்மூடியிருக்கும் பௌத்த முனிவர் உருவத்தையும், கண்களை அகலத் திறந்து வெளியே நோக்கும் கிறிஸ்தவ முனிவர் உருவத்தையும் எதிரெதிர் வைத்து, கீழ்நாட்டுச் சமயமெல்லாம் உயிரை ஒருமையிற் கரைத்துவிடுவதே என்று முடிவு கட்டினார். கீழ்நாடு என்று அவர் பேசுமிடங்களிற் பெரும்பாலும் பௌத்தமும் மாயாவாதமுமே நிற்கின்றன. அவர் எழுதத் தொடங்குமுன்னரே, நல்லசாமிப் பிள்ளையவர்களின் சிவஞானபோத ஆங்கில மொழிபெயர்ப்பு 1895இல் வெளிவந்துவிட்டது. போப்பையருடைய திருவாசக மொழிபெயர்ப்பு 1900இல் ஆக்ஸ்போர்டிலேயே அச்சாயிற்று. இலண்டனிலிருந்து ஆக்ஸ்போர்டு நெடுந்தூரமன்று. உயிர் இறைவனோடு கூடியும் தன்னை இழவாது இன்பம் நுகரும் என்பதையும், தாளும் தலையும் புணர்ந்து தாடலையென ஒருசொன்னீர்மைப்பட்டும் இருபொருளும் கெடாது நிற்குமாற்றை அதற்கு உவமையாக நம் ஆசிரியர் காட்டியதையும் அவர் கண்டிருப்பின், தம் கட்சிக்குத் துணையும், அதற்கு மேலொரு படியும் இங்கே உண்டென்று உணர்ந்திருத்தல் கூடும். வேறாதல் ஒன்றையே அவர் கண்டார். ஒன்றாதல், வேறாதல், உடனாதல் என்னும் மூன்றும் முரணாது நிற்கும் அத்துவிதம் அவர் கண்ணிற் படவில்லை.

இதில் ஒரு விநோதமும் உளது. 1909இல் இந்திய தேசியத்தைப் பற்றி அவர் எழுதிய வாரக்கட்டுரை ஒன்று, அப்போது இலண்டனில் தங்கியிருந்த காந்தியடிகளின் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. இந்தியர் ஆங்கில முறைகளையே வேண்டிப் போராடுவதிற் பொருளென்ன, தம் முறைப்படி வாழும் உரிமையை வேண்டின் அதற்கன்றோ மதிப்புண்டு என்பது அதன் கருத்து. அடிகள் அதனைக் குஜராத்தியிற் பெயர்த்துத் தம் இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகை வாசகர்க்கு அறிவித்தார். அவ்வாண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலிற் சென்றபோது அவர் எழுதிய இந்திய சுயராஜ்ய நூலில் அக்கட்டுரையின் சாயலை அறிஞர் காண்கின்றனர். இந்தியர் இந்தியராகவே வாழ்தல் வேண்டுமென்று வாதாடியவர், அவர்கள் எதனை நம்பி வாழ்கின்றனர் என்று ஆராய முயலாமை வருந்தத்தக்கதே.

இனி, பொதுமக்கள் விரும்பும் கதையிலே அவர் தத்துவத்தை ஏற்றிய திறத்தைக் கூறுவாம். யார்க்ஷயரில் வாழ்ந்த ஜான் ஓக்கானர் என்னும் கத்தோலிக்கக் குருவோடு அவர் ஒருநாள் வெளியில் நடந்துசென்றபோது, உலகத்துத் தீமைகளைப் பற்றிப் பேச்சு நிகழ்ந்தது. தாம் கேட்டுமறியாத கொடுமைகளையெல்லாம் அக்குரு அறிந்திருத்தல் கண்டு செஸ்டர்ட்டனார் திடுக்கிட்டார். அன்று மாலை விருந்தில், கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர், குருமார் உலகத் தீமையறியாது ஒதுங்கி வாழ்பவரென்று இரங்கிப் பேசினர். செஸ்டர்ட்டனார்க்குச் சிரிப்படக்குதல் அரிதாயிற்று. பாவசங்கீர்த்தனம் கேட்டு உயிர்களின் இருளை நாடோறும் காண்பவர் அவரன்றோ! அவ்வெண்ணத்திற் பிறந்தவரே பிரவுன் பாதிரியார் என்னும் துப்பறிபவர். குட்டையான வடிவும் வட்டமுகமும் பெரிய குடையுமுடைய அப்பாதிரியாரின் முதற்கதை 1910இல் வெளிவந்தது. 1911 முதல் 1935 வரை ஐந்து தொகுதிகள் வெளியாயின.

முதற்கதையில், பிளாம்போ என்னும் பெருந்திருடன் குருவேடம் பூண்டு பிரவுனோடு உடன்சென்று, சமயப்பற்றுடையான்போல நடித்து, மனித அறிவு இறைவன்முன் பயனற்றதென்று பேசுகின்றான். அப்பேச்சைக் கேட்டே அவன் குருவல்லனென்று பிரவுன் ஐயமறத் துணிகின்றார். அறிவை இகழ்தல் நல்ல சமயநூலாகாது என்பது அவர் கூறும் காரணம். இரயில்வண்டியிற் பொழுதுபோக்காக வாசிக்கும் கதையில், நம்பிக்கைக்கும் அறிவுக்கும் பகையில்லை என்னும் சமயக்கோட்பாட்டைத் திருடனைப் பிடிக்கும் வலையாக வைத்த திறம் வியக்கத்தக்கது.

1927ஆம் ஆண்டுத் தொகுதியில், குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் தம் முறையைப் பிரவுன் வெளியிடுகின்றார். கொலைஞனைப் புறத்தே நின்று ஆராயாது, அக்கொலையைத் தாமே செய்யும் நிலைவரை தம் உள்ளத்தை நடத்திப் பார்ப்பாராம். தம்முள்ளும் அத்தீமை உண்டென்று அறிந்தவனே பிறனைத் திருத்த வல்லவன் என்பது கருத்து. இது கிறிஸ்தவருடைய ஆதிபாவக் கொள்கை. அது முதற்றாய் தந்தையர்பாற் காலத்திலே தொடங்கியதென்பர்; நாம் கூறும் ஆணவமோ அநாதி. எனினும், எல்லா உயிர்க்கும் பொதுவாகிய மறைப்பொன்று உண்டென்பதும், அதனை மறந்து மனிதனைப் பேசுவோர் பிழைபடுவர் என்பதும் இருவர்க்கும் ஒத்தனவே. 1954இல் பிரவுன் பாதிரியார் வேடந்தாங்கித் திரைப்படத்தில் நடித்த அலெக் கின்னஸ் 1956இல் கத்தோலிக்க சமயம் புகுந்தார். அக்கதைகள் இன்றும் அச்சாகின்றன. 2013 முதல் பி. பி. சி. அவ்வேடத்தைத் தொலைக்காட்சியிலும் காட்டியது.

1913இல் மார்க்கோனிக் கம்பெனிப் பங்குகள் பற்றி மந்திரிமார்மீது எழுந்த புகாரில், அவர் தம்பியார் செசில் தம் பத்திரிகையிற் கடுமையாக எழுதி, அவதூறு வழக்கில் நூறு பவுன் அபராதம் அடைந்தார். பின்னாளில் ரீடிங் பிரபு என்ற பெயரோடு இந்தியாவுக்கு இராசப்பிரதிநிதியாக வந்த ரூபஸ் ஐசக்ஸ் அம்மந்திரிமாருள் ஒருவர். வழக்குத் தொடர்ந்தவர் அவருடைய சகோதரர். அதுமுதல் யூதரைப் பற்றிச் செஸ்டர்ட்டனார் எழுதியவற்றிற் கசப்பு மிகுந்தது. யூதர் எந்நாட்டிலும் வேற்றுநாட்டினரே என்று அவர் பலகாற் கூறினர். 1933க்குப்பின் இட்லர் யூதர்க்கிழைத்த கொடுமையை அவர் வெளிப்படையாகக் கண்டித்ததும், இன உயர்வு பேசும் கொள்கையை 1922லேயே ஒரு நூலால் எதிர்த்ததும் உண்மையே. எனினும் முன்னெழுதிய எழுத்து அழியாது. பிறன் தானல்லன் என்பதற்காகவே அவனை நேசிக்க வேண்டுமென்று போதித்தவர், தம் தெருவில் வாழ்ந்த பிறன் ஒருவன்பால் அப்போதனையை மறந்தனர் என்றே சொல்லல் வேண்டும். அவரைத் திருத்தொண்டர் வரிசையிற் சேர்த்தற்குரிய விசாரணையைத் தொடங்கும்படி அன்பர் பலர் வேண்டியபோது, நார்த்தாம்ப்டன் ஆயர் 2019இல் அதனை மறுத்தார். அதற்குக் கூறிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

1914ஆம் ஆண்டின் இறுதியில் அவர் நோய்வாய்ப்பட்டு, அடுத்த ஆண்டு ஈஸ்டர் வரை நினைவு தடுமாறிக் கிடந்தார். 1918இல் செசில் பிரான்சு நாட்டுப் போர்மருத்துவமனையில் இறந்தார். தம்பியின் பத்திரிகைச் சுமையைத் தமையனார் தலையில் ஏற்று, இறுதிவரை நட்டத்திற் சுமந்தார். சிறுவுடைமை ஒவ்வொரு குடும்பத்திற்கும் வேண்டுமென்னும் பொருளியற் கொள்கையை, ஹிலேர் பெல்லாக் என்னும் நண்பரோடு சேர்ந்து அப்பத்திரிகை வாயிலாகப் பரப்பினார். அது தனியே ஆராயத்தக்கது.

நேர்க்கொள்கை எழுதியவர் உரோமைத் திருச்சபையிற் சேர்தற்குப் பதினான்கு ஆண்டுகள் சென்றன. மனைவியாரைப் பிரிந்து முன்செல்ல மனம் ஒருப்படாமையே தாமதத்துக்குப் பெருங்காரணம் என்பர். 1922ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள், அவர் 1909 முதல் வாழ்ந்துவந்த பீக்கன்ஸ்பீல்டு என்னும் சிற்றூரில், கத்தோலிக்கக் கோயில் இல்லாமையால் இரயில்வே ஓட்டலைச் சார்ந்த தகரக்கூரைக் கொட்டகை ஒன்றில், பழைய நண்பராகிய ஓக்கானர் குருவின் முன்னிலையில் அவர் அத்திருச்சபை புகுந்தார். அம்மையார் நான்காண்டு கழித்து 1926இல் அவரைப் பின்பற்றினர்.

அதன்பின் எழுந்த நூல்களுள் தலைசிறந்தது 1925இல் வெளிவந்த என்றுமுள மனிதன் என்பது. எச். ஜி. வெல்ஸ் உலக சரித்திரச் சுருக்கம் ஒன்றை 1919 முதற் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதில் மனிதன் விலங்கினின்றும் மெல்ல வளர்ந்தவனாகவும், கிறிஸ்து ஆசிரியர் பலருள் ஒருவராகவும் சித்திரிக்கப்பட்டனர். செஸ்டர்ட்டனார் சரித்திரத்தாலேயே அதற்கு விடையிறுத்தார். குகைவாழ் மனிதனைப் பற்றிப் பலரும் பலபடக் கற்பிக்கின்றனர்; அவனைப் பற்றி ஐயமின்றி நாமறிந்தது, அவன் குகைச்சுவரில் விலங்குகளை ஓவியமாக எழுதினான் என்பதே. எந்த விலங்கும் அதனை அரைகுறையாகவேனும் செய்ததில்லை. ஆதலின் வேறுபாடு அளவினாலன்று, வகையினாலேயே என்று தொடங்கி, கிறிஸ்துவும் ஏனையாசிரியரோடு வைத்தெண்ணப்படார் என்பதில் முடித்தார். ஐந்து முறை உலகத்தோடு சேர்ந்து தம் சமயமும் இறந்ததென்று கருதப்பட்டு, ஐந்து முறையும் மீண்டெழுந்ததென்று அவர் காட்டும் பகுதி படித்தற்கினியது. நாத்திகராயிருந்த சி. எஸ். லூயிஸ், தம் மனமாற்றத்திற்கு இந்நூலும் ஒரு காரணமென்று பின்னர் எழுதினர்.

அந்நூலில் நாம் மறுத்தற்குரியதொரு கூற்று உளது. பண்டைய உலகத்திற் கோயிற்கதைகள் ஒருபுறமும் தத்துவ விசாரணை ஒருபுறமுமாக, ஒன்றோடொன்று கலவாத இரண்டு ஆறுகளாக ஓடின. தெய்வத்தைப் பாடியவர் அத்தெய்வம் உண்மையோ என்று ஆராயவில்லை, ஆராய்ந்தவர் தாம் கண்ட முதற்பொருளைப் பாடவில்லை. இரண்டும் கிறிஸ்துவினிடத்திலேயே முதன்முதற் கூடின என்பது அக்கூற்று. கிரேக்கத்தையும் உரோமையும் நோக்க இது பெரும்பாலும் உண்மையாகலாம். தமிழ்நாட்டை நோக்கப் பொருந்தாது. கோயில்தோறும் சென்று பாடப்பட்ட தேவாரத்தின் பொருளும், சிவஞானபோதம் அளவைகளால் நிறுவும் பதியும் ஒன்றே. தோத்திரமும் சாத்திரமும் ஒரு கடவுளையே பற்றி நிற்றலும், சாத்திரஞ் செய்தார் தோத்திரத்தையே பிரமாணமாகக் காட்டுதலும், ஆதீனங்களிற் பன்னிரு திருமுறையும் பதினான்கு சாத்திரமும் ஒருங்கே ஓதப்பெறுதலும் அவர் அறியாதவை. இரண்டு ஆறும் கூடும் துறை ஒன்றேயென்று துணிவதற்கு முன் அவர் தென்திசையை ஒருமுறை நோக்கியிருத்தல் வேண்டும்.

1933இல் தோமா அக்குவினாரைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். 1225 முதல் 1274 வரை வாழ்ந்த அவ்வாசிரியர், நம் மெய்கண்டார் வாழ்ந்த அதே நூற்றாண்டினர். செஸ்டர்ட்டனார் நூலிற் பாதியைத் தம் செயலாளர்க்குச் சொல்லி எழுதுவித்தபின்னரே, அவரைப் பற்றிய புத்தகங்கள் சில வாங்கிவரச் சொல்லி, அவற்றையும் விரைவிற் புரட்டிவிட்டு, மீதியைச் சொல்லி முடித்தனராம். நம் மரபிற் பாடங்கேட்டுப் பயின்றோர்க்கு இது பெரிதும் அடாத செயலாகவே தோன்றும். ஆயினும், அக்காலத் தத்துவ சரித்திரத்தில் ஒப்பற்றவராகிய எட்டியேன் ஜில்சன் அந்நூலை மிகவுயர்ந்ததென்று பாராட்டினர். பொருள்கள் உள்ளன, அறிவு அவற்றை அறியவல்லது என்பதே தோமாவின் அடிப்படை என அவர் காட்டினர். ஸ்லேட் பள்ளியில் அதனைக் கண்ணீரோடு கற்றவர்க்கு நூல்கள் மிகுதியும் வேண்டியிராமை இயல்பே.

வாதத்தில் அவர் கடைப்பிடித்த ஒழுக்கம் தனியே கூறத்தக்கது. பெல்லாக்கும் வெல்ஸும் உலக சரித்திரம் பற்றிச் சண்டையிட்டுப் பகைவராயினர். செஸ்டர்ட்டனாரோ அதே பொருளில் அதனினும் வன்மையாக மறுத்தும் வெல்ஸின் நட்பை இழந்தாரில்லை. பெர்னார்ட் ஷாவோடு மேடைகளிலும் பத்திரிகைகளிலும் ஏறக்குறைய முப்பதாண்டு வாதிட்டார். 1927இல் பெல்லாக் தலைமையில் இருவரும் நிகழ்த்திய வாதத்தைக் கேட்க மண்டபம் கொள்ளாத கூட்டம் கூடியதோடு, வானொலியிலும் அது ஒலிபரப்பப்பட்டது. 1932 முதல் அவரே வானொலியிற் பேசத் தொடங்கி, அதுவரை அவர் எழுத்தைப் படியாத மக்களின் அன்பையும் பெற்றார்.

1936ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் பீக்கன்ஸ்பீல்டில் தம் அறுபத்திரண்டாம் வயதில் அவர் காலமானார். திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் பெயரால் வந்த அனுதாபத் தந்தியில் அவருக்குச் சமயரட்சகர் என்னும் பட்டம் கொடுக்கப்பட்டிருந்தது. அப்பட்டம் இங்கிலாந்து மன்னர்க்கே உரியதாதலின், பத்திரிகைகள் அத்தந்தியை முழுதும் வெளியிட இயலாது நின்றன. அவருக்கு முப்பதாண்டு எதிர்வாதியாயிருந்த ஷா, செய்தி கேட்டவுடன் பிரான்சஸ் அம்மையாருக்குக் கடிதம் எழுதி, பணமுடையேதும் உண்டாயின் தெரிவிக்கும்படி கேட்டனர். அம்மையார் 1938ஆம் ஆண்டு டிசம்பரிற் காலமாகி, பீக்கன்ஸ்பீல்டிலேயே கணவரோடு அடக்கஞ் செய்யப்பெற்றனர்.